சம்பத்தும் இடப்பக்க அம்புக்குறியும்

சம்பத்குமார் இறந்துபோன செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் அவருடைய சொந்தக்காரர் இல்லை. அவரோடு ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்த நம்மில் ஒருவரும் இல்லை. பம்மலிலிருந்து தனம் வந்தார். செவ்வாய்க்கிழமை, வெளிநோயாளிகள் கூட்டம் இன்னும் கலையாத நேரம். அட்டை பதியும் ஜன்னலுக்கு முன்னால் நோயாளிகளோடு நோயாளியாக வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "யக்கா, சம்பத் அண்ணன் செத்துப் பூட்டாருக்கா" என்றார். நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன். பின்னால் நின்ற ஆள், "இன்னாம்மா, நவுருமா" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

தனம் யாரென்று பிறகு சொல்கிறேன். அவரை விட்டுவிட்டு சம்பத்தைப் பற்றி எழுத முடியாது. சம்பத் கல்யாணம் செய்துகொள்ளாதவர். பொழிச்சலூரில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார். வடக்கே வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் வந்து காரியங்களை முடித்துவிட்டு, வந்த வேகத்திலேயே திரும்பிப் போய்விட்டார். அதன்பிறகு நம் மருத்துவமனை ஊழியர்கள் ஒரு இரங்கல் கூட்டம் போட்டோம். படத்துக்கு மாலை போட்டு, ஆளாளுக்கு எழுந்து "தங்கமான மனுஷன்" என்றீர்கள். என்னையும் பேசச் சொன்னீர்கள். எழுந்து நின்றேன், படத்தைப் பார்த்தேன், உட்கார்ந்துவிட்டேன். துக்கத்தால் என்று நினைத்திருப்பீர்கள். பாதி துக்கம், பாதி கோபம். அந்தத் தங்கமான மனுஷனை வேலையைவிட்டு அனுப்பியபோது இதே வாய்களெல்லாம் எங்கே போயிருந்தன? அன்றைக்குப் பேச வராததை இப்போது எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுவோம். சம்பத் பழகுவதற்கு இனிய மனிதர் இல்லை. வாயைத் திறந்தால் வம்பு. கேன்டீனில் டீயில் ஆடை மிதந்தால் குவளையைத் திருப்பி வைத்துவிட்டு ஒரு பிரசங்கம் செய்வார். கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ள அவர் வந்து சேர்ந்த முதல் நாளே என்னோடு சண்டை. நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். தாம்பரம் இன்ஸ்டிடியூட்டில் மாஸ்டர் என் கை மேல் துணியைப் போட்டு மூடி அடிக்கச் சொல்லுவார். கண் காகிதத்தில் இருக்க வேண்டும், விரல் தானாகப் போக வேண்டும், நிமிர்ந்தால் ஸ்கேலால் ஒன்று விழும். அப்படிப் பழகிய கை, கொஞ்சம் ஓங்கித்தான் விழும். சம்பத் பின்னால் வந்து நின்று, "மேடம், இது டைப்ரைட்டர் இல்ல. மெதுவா தொட்டாலே எழுத்து விழும். கட்டையை உடைச்சிடாதீங்க" என்றார். "உடைஞ்சா ஒட்டறதுக்குத்தானே உங்களுக்குச் சம்பளம்?" என்றேன். முறைத்துவிட்டுப் போனார். மறுநாள் என் கீபோர்டை யாரோ ஸ்பிரிட் போட்டுத் துடைத்து வைத்திருந்தார்கள். யாரென்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"மெஷின் ரிப்பேர்" என்று யாராவது போய் நின்றால் அவருக்கு எரிச்சல் வரும். "ரிப்பேர்னு சொல்லாதீங்க. எதை அழுத்தினீங்க, என்ன வந்துச்சு, அந்த ரெண்டை மட்டும் சொல்லுங்க" என்பார். அப்புறம் வழக்கமான அந்த வாக்கியம் வரும்: "நீங்க அழுத்தினது ஒண்ணு. மெஷினுக்குப் போய்ச் சேர்ந்தது இன்னொண்ணு. நடுவுல என்ன ஆச்சுன்னு பார்க்கறதுதான் என் வேலை." நீங்கள் எல்லாரும் அதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டிச் சிரித்திருக்கிறீர்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

நம் வேலை என்ன என்பது புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாமலிருக்கலாம் என்பதால் சொல்கிறேன். அப்போது தொண்ணூறுகளின் தொடக்கம். அறக்கட்டளை நடத்துகிற சிறிய நெஞ்சுநோய் மருத்துவமனை. பல்லாவரம், பம்மல் பக்கத்துத் தோல் பட்டறைக்காரர்கள்தான் அதிகம் வருவார்கள், பெரும்பாலும் காசநோய். மாதக்கணக்கில் மாத்திரை விழுங்க வேண்டும். கொஞ்சம் தேறியதும் நிறுத்திவிடுவார்கள், அதுதான் ஆபத்து. குறித்த நாளில் வராதவர்களின் பெயர்களைத் திங்கட்கிழமை தோறும் கம்ப்யூட்டர் அச்சடித்துத் தரும். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு துரை அண்ணன் சைக்கிளில் வீடு வீடாகப் போய்த் திட்டி, கெஞ்சி, கூட்டிக்கொண்டு வருவார். பட்டியலில் பெயர் இருந்தால் துரை அண்ணன் வருவார். இல்லாவிட்டால் வரமாட்டார். ஒரு ஆள் பிழைப்பதும் சாவதும் சில சமயம் அவ்வளவில்தான் இருந்தது.

உள்ளறையில் கம்ப்யூட்டர் ஒன்று. அதிலிருந்து ஒயர் இழுத்து, திரையும் கீபோர்டும் மட்டும் கொண்ட டெர்மினல்கள் வெளியே. திரையில் ஒரு மெனு வரும். A என்றால் புதுப் பெயர் சேர்க்கலாம், C என்றால் திருத்தலாம், D என்றால் நீக்கலாம். D அழுத்தினால் "நிச்சயமாகவா?" என்று ஆங்கிலத்தில் கேட்கும். N தட்டினால் விட்டுவிடும். வேறு எதைத் தட்டினாலும் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு பெயரைத் தூக்கிவிடும். எழுதிக்கொண்டிருக்கும்போது எஸ்கேப் கட்டையை அழுத்தினால் அந்தப் படிவத்தை விட்டு வெளியே வந்து மெனுவில் நிற்கும். இவ்வளவுதான் சங்கதி.

பழைய டெர்மினல் ஒன்று புகைந்துபோய், புதிதாக வேறு மாதிரி ஒன்று வந்தது. வேகமாக அடிப்பவள் என்று அதை எனக்குக் கொடுத்தார்கள். நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். அதே சமயத்தில்தான் பெரிய டாக்டர், தன் அறை டெர்மினலில் உட்கார்ந்து சம்பத்தைக் கூப்பிட்டு, "என்னய்யா இது, எஸ்கேப் அடிச்சா யோசிச்சு யோசிச்சு வெளியே போகுது? தூங்குதா?" என்று கத்தினார். அதை நானே கேட்டேன். எஸ்கேப் வந்ததும் அதன் பின்னால் வேறு எழுத்து வருகிறதா என்று மெஷின் சிறிது காத்திருக்குமாம். சம்பத் உள்ளே போய் அந்தக் காத்திருக்கும் நேரத்தைக் குறைத்துவிட்டு வந்தார். எஸ்கேப் டக்கென்று வேலை செய்தது. பெரிய டாக்டருக்குத் திருப்தி.

அதற்குச் சில வாரம் கழித்துப் பெயர்கள் காணாமல் போக ஆரம்பித்தன. மாத்திரை வாங்க வந்தவர் அட்டையை நீட்டுவார், மெஷின் அப்படி ஒரு ஆளே இல்லை என்னும். திரும்பச் சேர்ப்போம். முதலில் ஒருவர், பிறகு இன்னொருவர். விசாரித்ததில் எல்லாப் பெயரும் என் டெர்மினலில் இருந்து நீக்கப்பட்டவை என்று தெரிந்தது. கம்ப்யூட்டர் அதைச் சுத்தமாகக் குறித்து வைத்திருந்தது. சூப்பர்வைசர் பதவி எனக்குக் கிடைக்காமல் போய் அப்போது அதிக நாள் ஆகவில்லை. "ஆத்திரத்துல பண்றா" என்று பேச்சு கிளம்பியது. யார் கிளப்பியது என்று எனக்குத் தெரியும், விடுங்கள்.

நிர்வாக அதிகாரி சம்பத்தைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். சம்பத் ஆட்களெல்லாம் போன பிறகு, சாயங்காலம் என் இடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்தார். அம்புக்குறிகள், எஸ்கேப், என்டர் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. டெர்மினலில் குறையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை வைத்து என்னை சஸ்பெண்ட் செய்தார்கள். நோயாளிகளின் பெயரை வேண்டுமென்றே அழித்தவள். காசநோய்க்காரன் பெயரை. அதைவிட என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

சேலையூரில் எங்கள் காலனியில் வேலைக்குப் போகிற பெண் பகலில் வீட்டில் இருந்தால் எல்லாருக்கும் கேள்வி வரும். "லீவா?" என்பார்கள். நாலு நாள் கழித்தும் "லீவா?" என்பார்கள், முகத்தில் பதில் தெரிந்துகொண்ட சிரிப்போடு. என் வீட்டுக்காரர் நல்லவர்தான். அவரே ஒருநாள் தயங்கித் தயங்கி, "ஞாபகமில்லாம ஏதாவது அழுத்தியிருப்பியா?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு நான் சமைக்கவில்லை. விசாரணை முடிந்து வேலை போனால் போகட்டும், இந்தப் பெயரோடு இன்னொரு இடத்தில் யார் என்னைச் சேர்த்துக்கொள்வார்கள் என்பதுதான் என் கவலை.

அந்த நிலைமையில் ஒரு மதியம் சம்பத் வாசலில் வந்து நின்றார். கையில் ஜவுளிக்கடைப் பை. எனக்கு வந்ததே ஆத்திரம். "கையெழுத்துப் போட்டாச்சில்ல, இன்னும் என்ன வேணும்?" என்றேன். உள்ளே வரச் சொல்லக்கூட இல்லை. அவராகவே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, பையிலிருந்து ஒரு கீபோர்டை எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார். எதோடும் இணைக்காத வெறும் கீபோர்டு. அதன் ஒயர் மேஜையிலிருந்து தரைக்குத் தொங்கியது.

"நான் அட்டையைக் கையில கொடுக்கறேன். நீங்க ஆபீஸ்ல அடிக்கிற மாதிரியே அடிங்க."

"திரையே இல்லாம என்னத்த அடிக்கறது?"

"நீங்க எப்பவும் திரையைப் பார்த்தா அடிக்கறீங்க?"

உட்கார்ந்தேன். வெற்று அட்டைகளில் அவரே கற்பனையாக எழுதிக்கொண்டுவந்த பெயர்கள். அடித்தேன். அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசி வரியில், அடுத்து வரவேண்டிய தேதியில், ஒரு எழுத்தைத் தப்பாகத் தொட்டுவிட்டது விரலுக்கே தெரிந்தது. இடப்பக்க அம்பை அழுத்திப் பின்னால் போய், சரியான எழுத்தைப் போட்டு, என்டர் தட்டி, அடுத்த அட்டையை எடுத்தேன்.

"நில்லுங்க" என்றார். "இப்ப என்ன பண்ணினீங்க?"

"தப்பைத் திருத்தினேன்."

"நிமிர்ந்து பார்க்காமலே?"

"எதுக்குப் பார்க்கணும்?"

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "நான் ஒத்தை விரலால அழுத்திட்டு, திரையைப் பார்த்துட்டு, அடுத்ததை அழுத்தினேன். நீங்க அழுத்தற மாதிரி அழுத்திப் பார்க்கல" என்றார். பிறகு, "அதுவும் மெஷின் சும்மா இருக்கற நேரத்துல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கீபோர்டைச் சுருட்டிப் பையில் போட்டார். காப்பி கலக்கிக்கொண்டு வருவதற்குள் ஆள் கிளம்பிப் போய்விட்டார்.

அடுத்த திங்கட்கிழமை, பட்டியல் அச்சாகிக்கொண்டிருக்கும்போது, என் டெர்மினலில் உட்கார்ந்து அதையே செய்து பார்த்திருக்கிறார். நடந்தது இதுதான். பழைய டெர்மினலில் அம்புக்குறி ஒரே ஒரு எழுத்தாகப் போகும். புதியதில் இடப்பக்க அம்பை ஒரு தடவை அழுத்தினால் மூன்று எழுத்துகள் வரிசையாகப் போகும். முதலாவது எஸ்கேப், நடுவில் ஒரு அடைப்புக்குறி, கடைசியில் D. மூன்றும் ஒட்டிக்கொண்டு போனால் மெஷின் அதை அம்பு என்று புரிந்துகொள்ளும். திங்கட்கிழமை பட்டியல் போடும்போது மெஷினுக்கு மூச்சு முட்டும், எழுத்துகள் இடைவெளி விட்டுப் போய்ச் சேரும். காத்திருக்கும் நேரத்தைத்தான் குறைத்தாயிற்றே? எஸ்கேப் தனியாக வந்ததாக நினைத்து மெஷின் படிவத்தைவிட்டு வெளியே வந்துவிடும். அடைப்புக்குறிக்கு ஒரு பீப் சத்தம். அதற்கடுத்து D. "நிச்சயமாகவா?" நான் நிமிராமல் சரியான எழுத்தைத் தட்டுவேன். அந்த அட்டைக்காரரின் பெயர் போயிற்று. போனபின் திரை மெனுவில் வந்து நிற்கும், ஒரு அட்டையை ஒழுங்காக முடித்தாலும் அங்கேதான் நிற்கும். நான் நிமிர்ந்து பார்த்திருந்தாலும் வித்தியாசம் தெரிந்திருக்காது. பீப் சத்தம் கேட்டிருக்க வேண்டுமே என்பீர்கள். பக்கத்தில் பிரிண்டர் கறகறவென்று பட்டியலை அடித்துக்கொண்டிருந்தது. மெதுவாக, பார்த்துப் பார்த்து அடிக்கிறவர்களுக்கு இது நடந்திருக்காது. ஸ்கேல் அடி வாங்கிக் கற்றுக்கொண்ட என் பழக்கம்தான் என்னைக் குப்புறத் தள்ளியது.

அவர் நினைத்திருந்தால் சத்தமில்லாமல் அந்த நேரத்தைப் பழையபடி கூட்டிவைத்துவிட்டுப் போயிருக்கலாம். பெயர்கள் காணாமல் போவது நின்றிருக்கும். நான் வீட்டுக்குப் போனதால் நின்றது என்று எல்லாரும் சொல்லியிருப்பார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. என் விசாரணை நாளன்று, அழைக்காமலே உள்ளே வந்து நின்றார். பெரிய டாக்டர், நிர்வாக அதிகாரி, நான்.

"பிரேமா மேடம் அழுத்தினது இடப்பக்க அம்பு" என்றார். "மெஷினுக்குப் போய்ச் சேர்ந்தது டெலிட். நடுவுல இருந்தது நான்."

நிர்வாக அதிகாரிக்கு விஷயம் பிடிபட்டதும் குரல் இளகிவிட்டது. "சரி சம்பத், தொழில்நுட்பக் கோளாறுன்னு எழுதி முடிச்சிடலாம். எதுக்குப் பெரிசு பண்ணிக்கிட்டு?"

"கோளாறு இல்ல சார். செட்டிங்கை நான் மாத்தினேன். சரியா பார்க்காம குறையில்லைன்னு கையெழுத்தும் போட்டேன். அப்படித்தான் எழுதணும். யார் கேட்டு மாத்தினேன்னு எழுதணும்னாலும் எழுதறேன்."

பெரிய டாக்டர் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பெயர் அன்றைக்கே துடைக்கப்பட்டது. நான் வேலைக்குத் திரும்பினேன். சம்பத்தின் ஒப்பந்தம் அந்த முறை புதுப்பிக்கப்படவில்லை. உங்களில் பலர் என்னிடம் வந்து, "அவன் எதுக்கு இப்படி வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டான், பைத்தியக்காரன்" என்று சொன்னீர்கள். யார் யார் என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கதை அங்கே முடிந்திருந்தால் நானும் இரண்டு நல்ல வார்த்தை பேசிவிட்டு உட்கார்ந்திருப்பேன். போவதற்கு முன் சம்பத் ஒரு வேலை செய்தார். டாக்டரின் பதிவேட்டையும் மெஷினையும் ஒப்பிட்டு, விட்டுப்போன பெயர்களையெல்லாம் தேடினார். நானும் உட்கார்ந்து உதவினேன். மாத்திரை வாங்க வந்தவர்களை வந்தபோதே திரும்பச் சேர்த்திருந்தோம். வராதவர்கள்தான் வெளியே தெரியாமல் போயிருந்தார்கள். அந்தப் பட்டியலே வராதவர்களுக்காகத்தான் போடுவது, அதிலிருந்தே அவர்கள் விழுந்துவிட்டிருந்தார்கள். துரை அண்ணன் ஓடி ஓடிப் போய் ஒவ்வொருவராகக் கண்டுபிடித்தார். ஒருவர் மட்டும் கிடைக்கவில்லை. பம்மலில் தோல் பட்டறையில் வேலை பார்த்த ஏழுமலை. இறந்துவிட்டார் என்று துரை அண்ணன் வந்து சொன்னார். சம்பத் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, "நான் போகணும்" என்றார். தனியாக அனுப்ப எனக்கு மனசு கேட்கவில்லை, கூடப் போனேன்.

பட்டறைச் சுவரை ஒட்டிய சந்து. தோல் நாற்றம் மூக்கில் ஏறி நின்றது. ஏழுமலையின் மனைவி வாசலில் உட்கார்ந்து, தைத்துவந்த தோல் கையுறைகளில் நூல் பிசிறை வெட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் தனம். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறோம் என்றதும் கத்தரிக்கோலை வைத்துவிட்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், இப்ப வந்து கீறீங்க? அந்த சைக்கிள் அண்ணன் வருவாரு வருவாருன்னு தெனமும் இதே படியிலதான் குந்திகினு இருந்தாரு. மாத்திரை துன்னா வாந்தி வர்துன்னு நிறுத்திட்டாரு. அண்ணன் வந்து நல்லா திட்டுவாரு, திட்டினாருன்னா மறுக்கா துன்னலாம்னு சொல்லிகினு இருந்தாரு. வரவே இல்ல. அப்பால ஒருநாள் அவரே சொல்றாரு, 'நம்மள கை கழுவிட்டாங்க தனம். இனிமே மாத்திரை வேலைக்கு ஆவாதுன்னு டாக்டருக்குத் தெரிஞ்சு போச்சு. அதான் ஆள் அனுப்பல'ன்னு. அதோட பட்த்தவருதான்."

சம்பத் அந்தச் சந்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து, முழுவதையும் சொல்ல ஆரம்பித்தார். அம்புக்குறி, மூன்று எழுத்து, எஸ்கேப், குறைத்த நேரம், எல்லாவற்றையும். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. புருஷனைப் பறிகொடுத்தவளிடம் யாராவது கீபோர்டு பாடம் நடத்துவார்களா? ஆனால் தனம் இடைமறிக்காமல் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்போ அவரு பேர வேணும்னு எட்கல?"

"இல்லம்மா. யாரும் எடுக்கல. என் தப்பால விழுந்துடுச்சு."

"இத அவராண்ட வந்து சொல்லி இருந்தா போதுமே சார்" என்றார் தனம். திட்டவில்லை, அழவும் இல்லை. கத்தரிக்கோலை எடுத்து மறுபடி நூல் வெட்ட ஆரம்பித்தார். அவர் மண்ணை வாரி எங்கள் மேல் தூற்றியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நாங்கள் எழுந்தபோது உள்ளே யாரோ இருமினார்கள். சம்பத் நின்றுவிட்டார். "யாரும்மா அது?" மகள் என்றார் தனம், சளி பிடித்திருக்கிறது என்றார். மறுநாள் காலை சம்பத் போய்த் தாயையும் மகளையும் நம் மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு வந்தார். ஒப்பந்தம் முந்தின நாளோடு முடிந்து அவருக்கே அங்கே வேலை இல்லை, வெளிநோயாளிகள் வரிசையில் நின்றார். பெண்ணுக்கும் அதே நோய்தான். அவளுடைய பெயரை நான்தான் சேர்த்தேன், திரையைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக. அன்றிலிருந்து திங்கட்கிழமை தோறும் அவர் பம்மலுக்குப் போய் அந்தப் பெண் மாத்திரை விழுங்குகிறாளா என்று பார்த்தார். அவள் குணமானாள். அதற்கப்புறமும் அவர் திங்கட்கிழமை போவது நிற்கவில்லை. எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "போகலன்னா அவங்க ஏதாவது நினைச்சுப்பாங்க மேடம்" என்றார்.

வேறு பெரிய வேலை எதுவும் அவருக்கு அமையவில்லை. அமைத்துக்கொள்ளவில்லை என்றும் சொல்லலாம். பல்லாவரம் பக்கம் கடைகளில் பில் போடும் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொடுத்துக் காலத்தை ஓட்டினார். சிரிப்பு குறைந்துவிட்டது, சண்டைகூடக் குறைந்துவிட்டது. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. பஸ் நிறுத்தத்தில் எப்போதாவது பார்ப்பேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கமாட்டார். "துரை அண்ணன் ஒழுங்கா போறாரா?" என்பார். ஒருமுறை சொன்னார்: "பட்டியல்ல யார் இருக்காங்கன்னு மெஷின் சொல்லிடும் மேடம். யார் இல்லைன்னு அதுக்குத் தெரியாது. அதை நீங்கதான் பார்க்கணும்." டாக்டரின் பதிவேட்டையும் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திங்கட்கிழமை நான் ஒப்பிட்டுப் பார்ப்பதை "பிரேமாவின் பூஜை" என்று நீங்கள் கிண்டல் செய்வீர்களே, அது அவர் சொல்லி ஆரம்பித்தது.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். கூட்டம் குறைந்ததும் தனத்தை உள்ளே அழைத்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். திங்கட்கிழமை சாயங்காலம் வரை சம்பத் வரவில்லை. மறுநாள் விடிந்ததும் தனம் பஸ் ஏறிப் பொழிச்சலூர் போயிருக்கிறார். விலாசம் தெரியாது. ஏரோப்ளேன் இறங்குவது மாடியிலிருந்து தெரியும் என்று அவர் எப்போதோ சொன்னது மட்டும் தெரியும். டீக்கடை டீக்கடையாக "கம்ப்யூட்டர் அண்ணன் வூடு எது?" என்று கேட்டு, ஒருவழியாக வந்து சேர்ந்திருக்கிறார். கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர், ஊருக்குப் போயிருப்பார், போய்விட்டு வா என்றிருக்கிறார். தனம் நகரவில்லை. கதவைத் திறந்து பார்த்தால்தான் போவேன் என்று படியில் உட்கார்ந்துவிட்டார். உடைத்துத் திறந்தார்கள். கட்டிலில் இருந்தார் சம்பத். மாரடைப்பு, சனிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ நடந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம்.

சனிக்கிழமையிலிருந்து யாரும் தேடவில்லை. அண்ணன் தேடவில்லை, கடைக்காரர்கள் தேடவில்லை, நான் தேடவில்லை.

"ஒரு வாரம் வேலை இருந்திருக்கும்னு நினைச்சு விட்டிருக்கலாமே, எப்படிம்மா கிளம்பிப் போனே?" என்று தனத்திடம் கேட்டேன்.

தனம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அண்ணன் நம்மள கை கழுவிட்டாருன்னு குந்திகினு இருக்க சொல்றியாக்கா? அப்டி நெனச்சுதான் எங்க ஆளு பூட்டாரு. வரலன்னா போய்ப் பாக்கணும். அவ்ளோதான்."

சம்பத்தின் அறையிலிருந்து ஏதாவது ஞாபகத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவருடைய அண்ணன் சொன்னார். நான் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அவரிடமிருந்து வந்தது முன்னமே வந்துவிட்டது. கையில் துணி போட்டு மூடி அடித்தவள், இன்று ஒவ்வொரு பெயருக்கும் தலையை நிமிர்த்தித் திரையைப் பார்க்கிறேன். வேகம் பாதியாகிவிட்டது, கிழவி ஆகிவிட்டேன் என்று நீங்கள் பேசிக்கொள்வதும் என் காதில் விழுகிறது. பேசிக்கொள்ளுங்கள்.

நேற்று திங்கட்கிழமை. பட்டியல் வந்ததும் பதிவேட்டோடு வைத்து ஒப்பிட்டேன். எல்லாம் சரியாக இருந்தது, ஒரு பெயரும் விட்டுப்போகவில்லை. துரை அண்ணன் சைக்கிளை எடுத்தார். நான் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பம்மல் பஸ்ஸில் ஏறினேன். அந்தப் படியில் தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். இனி யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தும் தெருவைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தார்கள்.